பக்கெட் அக்காவின் எட்டுப் பக்கங்கள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பக்கெட் அக்கா. கம்ப்யூட்டரில் ஒரு வட்டத்துக்குள் நிறத்தைக் கொட்டுவதற்குச் சின்னதாக ஒரு வாளிப் படம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த வாளியைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கவிழ்த்துக்கொண்டிருப்பதுதான் அக்காவின் வேலை. பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஆரம்பத்தில் கோபப்பட்டிருப்பாள். நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் "பக்கெட்" என்றால் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

நாங்கள் படக்கதைப் புத்தகம் போடுகிறவர்கள். துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்டிருக்கும். வெளி வெளிச்சம் பட்டால் கம்ப்யூட்டர் திரையில் நிறம் மாறித் தெரியும் என்பதால் அதை யாரும் விலக்கக் கூடாது. பகல் பதினோரு மணிக்கே எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம்தான். உலகத்துக்கே வண்ணம் அடித்துக் கொடுக்கிறோம் என்று பெருமையடித்துக்கொள்வோம், உட்கார்ந்திருப்பது என்னவோ குகையில்.

என் வேலை எழுத்து வைப்பது. பலூனுக்குள் "பிடி அவனை", "ஐயோ", "இனி நீ தப்ப முடியாது" என்று மாதாமாதம் அதே பத்து வசனத்தை நல்ல எழுத்தில் பொருத்திக் கொடுப்பேன். எனக்கு நிறம் தேவையில்லை. கோட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு என் வேலையை முடித்துவிடுவேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் "நீ எங்கே போனாய்" என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

ஓவியர் வீட்டிலிருந்து அனுப்பும் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம் முதலில் அக்காவிடம்தான் வரும். ஒவ்வொரு முகத்தையும், கையையும், சட்டைப் பொத்தானையும் ஓரம் பிசகாமல் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொட்டி வைப்பாள். அதற்கு நாங்கள் அடிக் கலர் என்று சொல்வோம். அந்த நிறம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. பக்கத்துப் பக்கத்து நிறம் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அம்மாவும் பிள்ளையும் கன்னத்தோடு கன்னம் வைத்திருந்தால் இரண்டுக்கும் தோல் நிறத்தைக் கொடுக்க முடியாது. அடுத்து நிறம் போடுகிற ஆள் ஒரு கன்னத்தை மவுஸால் தொட்டால் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அதனால் அம்மாவுக்குப் பச்சை முகம், பிள்ளைக்கு ஊதா முகம். வானம் செங்கல் நிறம், நாய் நீலம். அக்காவின் திரையை முதல்முறை பார்க்கிறவர்கள் இவளுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கோப்பு கலரிஸ்ட் சாருக்குப் போகும். அவர் அக்கா பிரித்து வைத்ததை ஒவ்வொன்றாகத் தொட்டு, அதற்கு மேல் வேறு வேறு அடுக்குகளில் உண்மையான நிறம், நிழல், வெளிச்சம் எல்லாம் போடுவார். சமையலறையாக இருந்தாலும் சரி, ஜெயிலாக இருந்தாலும் சரி, மூலையில் ஒரு ஆரஞ்சு அந்தி வெயிலைக் கொண்டுவந்து வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவரை அஸ்தமனம் என்று கூப்பிடுவோம். கடைசியில் அடிக் கலரைக் கண்ணுக்குத் தெரியாமல் அணைத்துவிட்டு, மேலே இருப்பதை மட்டும் ஒன்றாக்கி அச்சுக்கு அனுப்புவார். புத்தகத்தில் அவர் பெயர் வரும், என் பெயர்கூடப் பொடி எழுத்தில் வரும். அக்காவின் பெயர் வராது. அக்கா கொட்டிய நிறத்தில் ஒரு சொட்டு அச்சில் வந்ததில்லை. பதினாலு வருஷமாக அப்படித்தான்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். வீட்டிலும் தெருவிலும் அவருக்குப் பெயர் இன்னும் டிரைவர்தான். அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப்போகிற நோய். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். ஆனால் வாய் மட்டும் நெடுஞ்சாலையில்தான் இருந்தது. நானும் அக்காவும் ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள் என்பதால் சில நாள் அவர்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவேன். புதுப் புத்தகம் வந்த அன்று அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்து அக்காவின் வாயைப் பிடுங்குவார்.

"இதுல எது உன் கலர்?"

"எதுவும் இல்லங்க."

"அப்ப இத்தனை வருஷமா அங்க போய் என்னதான் பண்றே? வேற எங்கயாவது போயிட்டு வர்றியா?"

"ஆமா, உங்களுக்கு இன்னொரு லாரி பாக்கப் போறேன்."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஒருநாள் பஸ்ஸில் அக்கா சிரிக்காமல் சொன்னாள். "தம்பி, முன்னெல்லாம் அவருக்கு டிவி முழுசாத் தெரியும். இப்ப டார்ச் அடிச்சுப் பாக்குற மாதிரி நடுவுல மட்டும்தான் தெரியுதாம். அந்த வெளிச்சம் அணையறதுக்குள்ள நான் கலர் பண்ணது ஒண்ணாவது புத்தகத்துல வந்து, அதை அவர் கையில குடுத்துடணும். அவர் பாக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

மறுநாள் எடிட்டர் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. எடிட்டர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்கவும் அவருக்கு நேரம் கிடைக்காது.

"நீங்கதான்க்கா அடிக் கலர்ல ராணி. நீங்க அதை விட்டா யாரு இருக்கா?"

"அதை விடல சார். அதையும் செய்யறேன். எனக்கு ஒரே ஒரு கதை குடுங்க. சின்னதாப் போதும்."

"கலர் பண்ணத் தெரியுமா?"

பதினாலு வருஷமாக அஸ்தமனத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? அக்கா கோபப்படவில்லை. "தெரியும்னு நினைக்கிறேன் சார்" என்றாள்.

கொடுத்தார். புத்தகத்தின் கடைசியில் இடம் நிரப்புவதற்கென்று வாங்கிப்போட்டிருந்த எட்டுப் பக்கக் கதை. அதில் சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒரு பெண் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் யாருக்காகவோ காத்திருக்கிறாள். மத்தியானம் சாயங்காலமாகி, சாயங்காலம் இருட்டாகிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நிற்கிறது. வசனம் மொத்தம் நாலைந்துதான், நான் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அஸ்தமனம் அதை எப்போதோ பார்த்து "இதுல என்ன இருக்கு?" என்று ஒதுக்கிவிட்டார். எனக்கென்னவோ அதில் இருந்ததெல்லாம் நிறம் மட்டும்தான் என்று தோன்றியது. நேரம் போவதைக் கோடு சொல்லவில்லை, நிறம்தான் சொல்ல வேண்டும்.

அக்கா அதைச் செய்த அழகைப் பார்க்க வேண்டுமே. வழக்கமான வேலையை முடித்துவிட்டு மீதி நேரத்தில் உட்காருவாள். வழக்கப்படி முதலில் அடிக் கலர், பச்சை அம்மா, ஊதாப் பிள்ளை. அது இல்லாமல் மேலே எதையும் கட்ட முடியாது. பிறகு அதற்கு மேல் ஒவ்வொரு அடுக்காக. கண்ணைக் கூசுகிற நிறம் எதையும் அவள் தொடவில்லை. திரையில் பளிச்சென்று இருக்கும், காகிதம் அதைக் குடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மஞ்சளை எடுப்பாள், பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள், கொஞ்சம் தணிப்பாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிரைவருக்குப் போன் போடுவாள். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன், எல்லாம் காதில் விழும். "இன்னிக்கு நாலாம் பக்கம். வெயில் சுவத்துல இருந்து இறங்கி அந்தப் பிள்ளை காலுக்கு வந்துடுச்சு. ஆமா, பழுத்த மஞ்சள். அம்மா முகத்துல ஒரு பக்கம் மட்டும்தான் வெளிச்சம், இன்னொரு பக்கம் லேசா நீலம் விட்டிருக்கேன். நிழல்னா கறுப்பு இல்லங்க, நீலம்தான்." அந்தப் பக்கம் அவர் என்னவோ கிண்டல் செய்வார். "நீங்க வந்து பண்ணுங்க பாப்போம்" என்று இவள் சிரிப்பாள். அந்த நாட்களில் அக்கா பார்க்கவே வேறு ஆளாக இருந்தாள். கறுப்புத் திரைக்குள் அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்தது. எட்டாவது பக்கத்தில், பிள்ளையின் விரல் இடுக்கில், கடுகளவு வெள்ளை தெரிவதைக் கண்டுபிடித்தாள். அடிக் கலரில் ஓட்டை. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அக்கா விடுவாளா? அந்த இடத்துக்கு மேலே நிறம் வைத்தாள், பிறகு மேல் அடுக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு அடிக் கலருக்குப் போய் ஓட்டையை அடைத்தாள். ஒன்றில் ஓட்டை இருந்தால் மற்றதிலும் இருக்குமே என்று மீதி ஏழு பக்கத்தையும் அதே மாதிரி மேலே அணைத்து, கீழே மட்டும் வைத்துத் துருவிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றையும் ஒன்றாக்கி நகல் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

மேல் அடுக்குகளைத் திரும்பப் போடவில்லை. பதினாலு வருஷமாக அவள் கை ஒரு பக்கத்தை முடிப்பது அப்படித்தான். கோடும் அடிக் கலரும் மட்டும் தெரிய, ஓட்டை பார்த்து, நகல் எடுத்து, அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட வேண்டியது. இந்தத் தடவை அடுத்த ஆள் என்று யாரும் இல்லை என்பது அவள் மனசுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

அச்சகத்தில் முதலில் ஒரு பிரதி மாதிரிக்கு அடித்து எங்கள் பார்வைக்கு அனுப்பியிருக்க வேண்டும். தேதி நெருக்கிவிட்டது. "கடைசிப் பக்கங்களுக்கு மாதிரி வேண்டாம், அக்கா கையிலிருந்து வந்ததுல தப்பே இருக்காது" என்று எடிட்டர் சொல்லிவிட்டார். அவளை அந்த அலுவலகத்தில் யாரும் மனசாரப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான், அதற்கு அந்த நேரம்தானா கிடைக்க வேண்டும்?

புத்தகக் கட்டு வந்தபோது பிரித்தது நான். பின்னாலிருந்து புரட்டினேன். பச்சை முகத்தோடு ஒரு பெண், ஊதா முகத்தோடு ஒரு பிள்ளை. செங்கல் நிற வானம், ரோஸ் நிறச் சுவர். நிழலும் இல்லை, வெயிலும் இல்லை. மத்தியானமும் இல்லை, ராத்திரியும் இல்லை. எட்டுப் பக்கமும் அப்படியே. மூடி வைத்துவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் அக்கா பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தன் இடத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தாள். மேல் அடுக்குகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அணைத்த இடத்தில் அணைத்தபடி இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டாள். திரையில் வெயில் வந்தது. பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

அச்சகத்துக்குப் போன் செய்து நான் கத்தினேன். "பாத்தா தெரியலையா உங்களுக்கு? பொம்பளை முகம் பச்சையா இருக்கே!"

"பேய்க் கதைன்னு நினைச்சேன் சார்" என்றார் அந்த ஆள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் புத்தகத்தில் அதைவிடக் கேவலமானதெல்லாம் வந்திருக்கிறது.

அஸ்தமனம் ஒரு பிரதியை எடுத்துப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர், அக்கா பக்கம் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார். எடிட்டர் திட்டவில்லை. "கடைகளுக்குப் போயிடுச்சு, இனி என்ன பண்ண முடியும்? அடுத்த புத்தகத்துல ரெண்டு வரி வருத்தம் போட்டுடலாம்" என்றார். கதையைத் திரும்பச் சரியாகப் போடலாமே என்று நான் கேட்டேன். "ஒரே கதையை ரெண்டு தடவை போட்டா வாங்குறவன் செருப்பால அடிப்பான்" என்றார். அத்தோடு அது முடிந்தது. அடுத்த கதை தருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது அக்கா என்னிடம் வந்தாள். "தம்பி, வீட்டுக்கு வர்றீங்களா? அவர் இன்னிக்குப் புத்தகம் வரும்னு உக்காந்திருப்பார். தனியாப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

கீழே இருந்த பிரிண்ட் கடையில் நிற்கச் சொன்னேன். எட்டுப் பக்கத்தையும் சரியான நிறத்தில் தனித்தாளில் எடுத்தோம். புத்தகத்தைக் காட்டி நடந்ததைச் சொல்வது, பிறகு இந்தத் தாள்களைக் காட்டுவது என்று முடிவு. பஸ்ஸில் அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சிரிப்பார், இல்ல தம்பி? பக்கெட்டுனு பேர் வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான்னு சொல்லிச் சிரிப்பார். அப்பறம் இதைப் பாப்பார்." நான் ஆமாம் போட்டுக்கொண்டே வந்தேன்.

டிரைவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். தாடையில் இரண்டு இடத்தில் பிளேடு பட்டிருந்தது.

"வந்துட்டியா? எங்க?" என்று கையை நீட்டினார். அக்கா புத்தகத்தை வைத்தாள். கடைசி எட்டுப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். பின்னட்டையிலிருந்து விரலால் தள்ளித் தள்ளிப் போய்த் திறந்து, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"என்னங்க, அதுல ஒரு…" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"இரு, பாக்க விடு."

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டப்போகிறார், இல்லை சிரிக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"அடடா, இந்த வெயில் இருக்கே" என்றார். "சுவத்துல இருந்து அப்படியே இறங்கி வருது பாரு, அந்தப் பிள்ளை கால் வரைக்கும். பழுத்த மஞ்சள். தம்பி, பாத்தீங்களா? அந்தப் பொண்ணு முகத்துல ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விட்டிருக்கா. இந்தப் பக்கம் நிழல். கறுப்புன்னா நினைச்சீங்க? நீலம்! நிழல் நீலமாத்தான் இருக்கும்."

அவர் விரல் வைத்திருந்த இடத்தில் பச்சை முகம் இருந்தது. அதற்குப் பின்னால் ரோஸ் நிறச் சுவர்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை பைக்குள் அந்தத் தாள்களைப் பிடித்தபடி நின்றுவிட்டது.

"என்ன பேசாம நிக்கறே?" என்றார் டிரைவர்.

"ஒண்ணும் இல்லங்க. நீங்க சொல்லுங்க."

சொன்னார். தாளைப் புரட்டிப் புரட்டி எட்டுப் பக்கத்தையும் சொன்னார். போனில் அவள் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவர் விட்டிருக்கவில்லை. நடுவில் தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. அவர் அது தெரியாமல், திறக்காமலே தாண்டிப்போன பக்கத்தின் வெளிச்சத்தையே சொல்லிக்கொண்டு போனார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "பதினாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் நீ எங்க போயிட்டு வர்றேன்னு எனக்குத் தெரியுது" என்றார். "நல்லா இருக்கு, இல்ல தம்பி?"

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அக்கா என்னை வழியனுப்ப மாடிப்படி இறங்கிக் கீழே வரை வந்தாள். தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது.

"எப்ப இருந்துன்னு தெரியல தம்பி" என்றாள். "காலையில கிளம்பறேன், சாயங்காலம் வர்றேன். பரவால்ல, தெரியுது, தெரியுதுன்னே சொல்லிட்டு இருந்தார். நான் அதை நம்பிட்டு வெயில் பண்ணிட்டு இருந்திருக்கேன்."

நான் ஏதேதோ சொன்னேன். வேறு டாக்டரைப் பார்க்கலாம், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்றெல்லாம். போன பார்வை திரும்பாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நாளைக்கு நான் வரல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். எடிட்டர்கிட்ட சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்லட்டும்க்கா? உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடவா?"

அக்கா மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே விளக்குப் போடாமலே அவர் உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம். என் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லுங்க" என்றாள். அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அழுதாள்.